டம்பாச்சாரியின் விலாசம்

டம்பாச்சாரி விலாசம் பாட்டும் வசனமும் கலந்த ஒரு நையாண்டி நாடகம். சைதாப்பேட்டை காசி விசுவநாத முதலியார் 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் எழுதியது. அரிச்சந்திரனும் அல்லியும் ராமனும் வந்துபோய்க்கொண்டிருந்த தமிழ் மேடைக்கு, தன் தெருவழியே வண்டியில் போன மனிதர்களைக் கூட்டிவந்தவர் அவர். தாசில்தாரை வைத்தும் பிரம்ம சமாஜத்தை வைத்தும்கூட நாடகம் எழுதினார்; ஊர் பிடித்துக்கொண்டது டம்பாச்சாரியைத்தான். கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பட்டணத்தில் ஒரு பணக்கார வாலிபன். வீட்டில் நல்ல மனைவி. அவன் ஒரு தாசியின் வீட்டுப் படி ஏறுகிறான். கூட ஒட்டிக்கொண்ட தரகர்களும் துதிபாடிகளும் ஆளுக்கொரு பக்கம் சொத்தைச் சுரண்டுகிறார்கள். ஆடம்பரம் தெருவுக்கு வந்து நிற்கிறது. இதை மேடையில் பார்த்தவர்களை இன்று தேடிப் பிடிப்பது அரிது. படித்தவர்களும் பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள். ஆனால் டம்பாச்சாரி என்ற சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டிய தமிழர் இன்னும் பெருகிவிடவில்லை. தவணையில் வண்டி எடுத்து வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டே இருப்பவனையும், வட்டிக்கு வாங்கிய பணத்தில் மூன்று வேளைப் பந்தி போடுபவனையும் பாட்டிமார் அந்தப் பெயரால்தான் கடிந்துகொள்கிறார்கள். நாடகம் மறைந்து அதன் நாயகன் பெயர் மட்டும் ஊருக்குள் உலவிக்கொண்டிருப்பது ஒருவகையில் அந்த நாடகத்தின் வெற்றி. அதே காரணத்தால்தான் அதை மறுபடி மேடையேற்றலாமா என்ற யோசனை வரும்போது மனம் தயங்கவும் செய்கிறது. பெயர் பிழைத்துக்கொண்ட பிறகு நாடகத்தில் மீட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

விலாசம் என்ற சொல்லையே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாடகக்காரர்களுக்கு அது விளையாட்டு, லீலை. அதிலிருந்து ஒரு நாடக வகையின் பெயர். தருவும் விருத்தமும் கொச்சகமும் வசனமுமாக இரவெல்லாம் ஆடுகிற நாடகத்துக்கு விலாசம் என்று பெயர் வைத்து அச்சிட்டுக் கடைத்தெருவில் விற்றார்கள். தபால்காரருக்கோ விலாசம் என்றால் முகவரி. இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பது தற்செயல்தான். என்றாலும் நையாண்டி நாடகத்துக்கு இரண்டுமே வேண்டியிருக்கின்றன. ஆட்டமும் பாட்டும் இருந்து, யாரைச் சொல்கிறார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால் சிரிப்பு எழும்புவதில்லை. டம்பாச்சாரியின் முதல் பார்வையாளர்களுக்கு விலாசம் நன்றாகவே தெரிந்திருந்தது. கம்பெனிக் காலத்தில் துபாஷி வேலையிலும் வியாபாரத்திலும் சேர்ந்த பணம், இரண்டாம் மூன்றாம் தலைமுறையில் தோட்ட வீடுகளிலும் கச்சேரிகளிலும் வழக்குகளிலும் கரைந்துகொண்டிருந்த காலம் அது. 1800-ஐ ஒட்டிய சென்னைப் பிரபுக்களையும் அவர்கள் ஆதரித்த பண்டிதர்களையும் பாடகர்களையும் தாசிகளையும் புகழோடு படம்பிடித்த சர்வதேவ விலாசம் என்ற வடமொழி நூலை வே. ராகவன் பதிப்பித்திருக்கிறார். அந்த நூல் வியந்து பார்த்த உலகத்தையே முதலியாரின் நாடகம் இரண்டு தலைமுறை கழித்து உள்ளேயிருந்து கறையான் அரித்த நிலையில் காட்டுகிறது. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எந்த வீடு, எந்தக் குடும்பம் என்றெல்லாம் ஊகிக்கத் தெரிந்திருக்கும். முழங்கையால் பக்கத்து ஆளை இடித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். அந்த இடித்தல் அச்சுப் புத்தகத்தில் இல்லை.

அச்சில் இல்லாத இன்னொன்று இசை. அக்காலத்து நாடகப் புத்தகங்களில் பாட்டுக்கு மேல் ராகமும் தாளமும் போட்டிருக்கும். பிற்காலத்தில் பார்சி மெட்டு, இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்றும் போட்டிருக்கும். சுரம் எழுதும் வழக்கம் இல்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் அந்த மெட்டு வாங்குகிறவன் வாயிலேயே இருந்தது. ஊருக்குத் தெரிந்த பாட்டின் முதுகில் ஊருக்குத் தெரியாத வரிகளை ஏற்றிவிடுவதில்தான் பாதி நகைச்சுவை: பக்திப் பாட்டின் நடையில் ஒரு கடன்பத்திரம், தாலாட்டின் நடையில் ஒரு தரகனின் பசப்பு. மூலப்பாட்டு மறந்துபோனால் அதன் மேல் ஏறிய கேலியும் சேர்ந்து செத்துப்போகிறது. பைரவி, ஆதி தாளம் என்ற இரண்டு சொற்களை வைத்து இன்றைய வித்வான் ஒருவர் புதிதாக மெட்டமைத்துத் தரலாம்; அது சங்கீதமாக உயர்ந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அது வேறு பாட்டு. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கும் குஜிலிக் கடைத்தெருப் புத்தகங்களைப் புரட்டினால் இந்தத் தவிப்பு கைக்கே தெரியும். மட்டமான காகிதம், விளிம்பில் பழுப்பு ஏறி அப்பளம்போல் நொறுங்குவது. எழுத்துக்கள் நெருங்கி நிற்கும். ஓரணா ஈரணாப் பொருள். வாங்கியவன் அதைப் பத்திரப்படுத்த நினைத்திருக்க மாட்டான், அடுத்த தெருவில் பாடிக்காட்ட நினைத்திருப்பான். இன்று அதைக் கையுறையும் பொறுமையுமாகத் திறக்கும்போது பாட்டு எழுந்து வருவதில்லை, வார்த்தைகள் மட்டும் வரிசையாகக் கிடக்கின்றன.

இப்படியொரு நாடகத்துக்கு மேடையாகச் சென்னையில் உடனே நினைவுக்கு வருவது விக்டோரியா பப்ளிக் ஹால். விக்டோரியா ராணியின் பொன்விழாப் பெயரைத் தாங்கி 1880-களின் இறுதியில் எழுந்த கட்டடம்; ராபர்ட் சிஸம் வரைந்தது, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. சிவப்புச் செங்கல், வளைவுகள் வரிசை கட்டிய தாழ்வாரம், தலையில் திருவாங்கூர்க் கூரைபோல் ஒரு தொப்பி வைத்த கோபுரம். ஒரு பக்கம் சென்ட்ரல் ரயில் நிலையம், மறுபக்கம் ரிப்பன் மாளிகை. பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்து, மெட்ரோ ரயில் வேலைத் தகடுகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, 2023-இல் மாநகராட்சி புனரமைப்பைத் தொடங்கிய பிறகு கவனத்துக்கு வந்தது. கட்டடத்தை மீட்பதற்கு வழிமுறை உண்டு. பிற்காலத்தில் ஒட்டவைத்த சுவரை இடிக்கலாம், சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசலாம், உளுத்த தேக்கை எடுத்துவிட்டு வேறு தேக்கு போடலாம். எது பழையது, எது ஒட்டு என்று விரலால் தட்டியே சொல்கிற கொத்தனார்கள் இருக்கிறார்கள். நாடகத்துக்கு அப்படிப்பட்ட கொத்தனார் கிடையாது. மேலும் இந்த மண்டபத்துக்கும் டம்பாச்சாரி போன்ற நாடகத்துக்கும் உறவு அவ்வளவு சுமுகமானதும் அல்ல. பம்மல் சம்பந்த முதலியார் தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவராக இருந்து, பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்து மனம் மாறி, 1891 ஜூலை 1-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டிய அந்தச் சபையின் வீடாக இந்த மண்டபம் 1936 வரை இருந்தது. அமலாதித்யனும் வாணிபுர வணிகனும் பேசிய மேடை அது. விடிய விடியப் பாடுகிற விலாசத்தை ஓரங்கட்டி, சில மணி நேரத்தில் முடிகிற வசன நாடகத்தை நாகரிகமாக்கிய இடம். அதே சபைக்காக 1906-இல் பம்மல் எழுதிய சபாபதி பணக்கார வீட்டுப் பிள்ளையைக் கேலி செய்கிறது. ஆனால் அந்தக் கேலியில் செல்லம் அதிகம், கொட்டகையின் காரம் குறைவு. டம்பாச்சாரியை இங்கே அழைத்துவந்தால், தன்னை வெளியேற்றிய வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவனைப்போல் அவன் கூச்சப்படக்கூடும். மண்டபத்தின் அழகு நாடகத்தின் மேல் ஒரு மரியாதையைப் போர்த்திவிடும் என்பதுதான் அச்சம். பொன்னாடை போர்த்தப்பட்டவனால் கேலி பேச முடிவதில்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. சொத்தைத் தொலைத்தவன் டம்பாச்சாரி. பழி சுமந்தவள் தாசி. மோகினி, மாயக்காரி, பணம் பறிப்பவள் என்ற அந்த வார்ப்பு டம்பாச்சாரியோடு நிற்காமல் கொட்டகை, சினிமா என்று நெடுந்தூரம் பயணம் செய்தது. 1935-இல் டம்பாச்சாரி படமாகவும் வந்தது; மேடையில் அந்த நாடகத்துக்குப் பேர்போன சி.எஸ். சாமண்ணா அதில் நடித்தார். அடுத்த ஆண்டு, 1936-இல், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்ற நாவலை வெளியிட்டார். அவரே தேவதாசிச் சமூகத்துக்குள் வளர்ந்து, அந்த முறையை எதிர்த்து வெளியே வந்தவர். மோசவலை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டாலும், அந்த வலையை யார் பின்னினார்கள், அதில் முதலில் சிக்கிய பெண்கள் யார் என்பதை உள்ளிருந்து பார்த்தவரின் கணக்கு அது. டம்பாச்சாரியின் கதையை மறுபக்கத்திலிருந்து படிக்க வேண்டுமென்றால் இந்த நாவலைப் படிக்க வேண்டும். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு மேடையில் ஒரு தாசி வந்து கண்ணைச் சிமிட்டிப் பணப்பெட்டியைத் திறக்கச் சொன்னால், சபை சிரிக்க வேண்டியது யாரைப் பார்த்து? போன நூற்றாண்டில் சட்டமும் சீர்திருத்தமும் சேர்ந்து ஒடுக்கிய ஒரு சமூகத்தின் பாட்டிமாரைப் பார்த்து. அந்தச் சிரிப்புக்கு இன்று நியாயம் இல்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தக் காலத்துச் சென்னையில் பதமும் ஜாவளியும் வளர்ந்தது அந்த வீடுகளில்தான். தருமபுரி சுப்பராயர் ஜாவளிகள் வீணை தனம்மாளின் வீட்டில் வாழ்ந்தன. தாசியைக் கேலி செய்த கொட்டகை தன் சிருங்கார மெட்டுக்களை அவளிடமிருந்தே இரவல் வாங்கியது. அந்த நாடகத்தை மீட்பவர்களுக்குக் கடன்காரியின் முகத்தில் விழிக்காமல் தப்பிக்க வழியில்லை.

பிற நாடுகளில் இந்தச் சிக்கலை என்ன செய்தார்கள் என்று பார்ப்பது உதவும். 1728-இல் லண்டனில் ஜான் கே என்பவர் பிச்சைக்காரனின் இசைநாடகம் என்ற நாடகத்தை மேடையேற்றினார். திருடர்களும் திருட்டுப் பொருள் வாங்குகிறவர்களும் பாத்திரங்கள். அடி விழுந்தது அன்றைய பிரதமர் ராபர்ட் வால்போலின் முதுகில். ஜான் கேயும் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டுக்களில்தான் புதுப் பாட்டு எழுதினார், நம் விலாசக்காரர்கள் செய்ததைப்போலவே. அடுத்து அவர் எழுதிய தொடர்ச்சி தடை செய்யப்பட்டது. 1920-இல் லண்டன் ஹேமர்ஸ்மித் அரங்கில் அந்த நாடகத்தைப் புதுப்பித்தபோது 1,463 முறை ஓடியது. அழகான உடை, இனிமையான வாத்தியம். வால்போல் யாரென்று தெரியாத கூட்டம் பழங்காலத்து வாசனைக்காக வந்து ரசித்தது. எட்டு வருடம் கழித்து, 1928 ஆகஸ்டில், பெர்லினில் பிரெக்டும் குர்ட் வைலும் அதே கதையை எடுத்து மூன்று காசு இசைநாடகம் ஆக்கினார்கள். மெட்டுக்கள் அநேகமாக எல்லாம் புதியவை, வரிகள் புதியவை, முதுகு மட்டும் பெர்லின் முதலாளிகளின் முதுகு. அங்கிருந்து அது நம் நாட்டுக்கும் வந்தது: பு.ல. தேஷ்பாண்டே 1978-இல் அதை மராத்தியில் தமாஷா ஆக்கினார். லண்டன் மறுபதிப்பு மூலத்துக்கு விசுவாசமானது என்றால் பெர்லின் மறுபதிப்பு எதற்கு விசுவாசமானது என்ற கேள்வி சுலபத்தில் தீர்வதில்லை. 1885-இல் கில்பர்ட்டும் சல்லிவனும் இயற்றிய மிகாடோவில் ஒரு சிறு ஏற்பாடு உண்டு. மரணதண்டனை அதிகாரி, ஊரில் இல்லாமல் போனாலும் யாரும் தேடமாட்டாத ஆட்களின் பட்டியலைப் பாடுவார். அந்தப் பட்டியலை மட்டும் ஒவ்வொரு தயாரிப்பிலும் புதிதாக எழுதிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மற்ற பாட்டுக்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. சுவர் பழையது, ஜன்னல் மட்டும் தினமும் திறக்கிறது.

மாறாமல் காப்பாற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பிறந்த சாட்சி ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம். பேரில் அதிலும் விலாசம் இருக்கிறது. காஞ்சியின் தெருவில் குடித்துத் தள்ளாடுகிற ஒரு காபாலிகன், அவன் துணைவி, அவன் பிச்சையெடுக்கும் கபாலத்தைத் திருடியதாக மாட்டிக்கொள்கிற பௌத்தத் துறவி, பஞ்சாயத்துக்கு வருகிற பாசுபதன், கடைசியில் கபாலத்தை நாயிடமிருந்து மீட்டு வருகிற பைத்தியக்காரன். மதத்தின் பெயரால் வயிறு வளர்த்தவர்களை ஓர் அரசனே கேலி செய்த துணிச்சல் இன்றைக்கும் மூச்சை நிறுத்துகிறது. காஞ்சியில் அது மறைந்தது. சுவடி மலையாள நாட்டில் பிழைத்தது, 1917-இல் த. கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் அச்சிட்ட பிறகே உலகுக்குத் தெரிந்தது. ஆனால் மேடையில் அது அதற்கு முன்னும் உயிரோடுதான் இருந்தது. கேரளக் கோயில்களில் சாக்கியார்கள் கூடியாட்டமாக அதை ஆடிவந்தார்கள், இன்றும் ஆடுகிறார்கள், குழந்தை வரம் வேண்டி நேர்ந்துகொள்ளும் வழிபாடாக. குடிகாரக் காபாலிகன் அங்கே சிவனின் சாயலில் ஆடுகிறான். பக்தர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். கேலி முழுவதும் உதிர்ந்து, ஆட்டம் மட்டும் ஆயிரம் வருடம் நின்றிருக்கிறது. இதைக் குறை என்று சொல்ல மனம் வருவதில்லை. இவ்வளவு காலம் ஒரு பிரதியைத் தோளில் சுமந்தவர்களை வணங்கத்தான் வேண்டும். என்றாலும் பௌத்தத் துறவியையும் பாசுபதனையும் தெருவில் பார்த்தறியாத ஊரில் அந்த நாடகத்துக்கு வேறு கதி இருந்திருக்க முடியாது. விலாசம் தொலைந்த கேலி ஒன்று சடங்காகிறது, இல்லையென்றால் ஹேமர்ஸ்மித்தில் நடந்ததுபோல் வாசனைத் திரவியமாகிறது.

டம்பாச்சாரியின் விலாசம் தொலையவில்லை, மாறியிருக்கிறது. முதலியாரின் சைதாப்பேட்டையிலிருந்து பரங்கிமலை வந்து, பூந்தமல்லிச் சாலையில் போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் தாண்டிக் குமணன்சாவடியில் இடப்பக்கம் குன்றத்தூர் சாலையில் திரும்பினால் மாங்காடு. ஐந்து அக்கினிக்கு நடுவே ஊசிமுனையில் ஒற்றைக் காலில் நின்று காமாட்சி தவம் இருந்த தலம் என்று ஊர்ப் புராணம் சொல்கிறது. தவம் பலித்து அவள் போனது மகேந்திரவர்மனின் காபாலிகன் தள்ளாடிய அதே காஞ்சிக்கு. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்து இந்த வட்டாரம் ஒரு தலைமுறைக்கு முன்வரை நெல்லும் தோப்புமாக இருந்தது. வயல் மனையானது. அப்பன் சென்ட் கணக்கில் உழுத நிலத்தைப் பிள்ளை சதுர அடிக் கணக்கில் விற்றான். வந்த பணத்தைக் கண்ணும் கருத்துமாக வைத்து வீடு கட்டி வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நிறைய. கரைத்தவர்களும் உண்டு. காதுகுத்துக்கு மெயின் ரோடு முழுக்க பிளக்ஸ், பிளக்ஸில் பத்து மாதக் குழந்தைக்குக் கறுப்புக் கண்ணாடி, ஓரத்தில் தபால்தலை அளவில் நண்பர்கள் வரிசை, மண்டப வாசலில் சரவெடி, பிரியாணிக்கு ஐந்து அண்டா. அந்த வரிசையில் தபால்தலையாக நிற்கிறவர்கள்தான் முதலியாரின் துதிபாடிகள். பத்திரத்தில் முதல் கையெழுத்துக்கு முன்னாலேயே வந்து தோளில் கை போடுகிறவர் அவருடைய தரகர். இவர்களுக்கு நடுவே தாசி தேவையே இல்லை. சொத்தைக் கரைக்க ஒரு பெண்ணைக் காரணம் காட்டுவது அந்தக் காலத்து நாடகத்தின் சோம்பேறித்தனம் என்பது இங்கே நின்று பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிறது.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கேலிக்குச் சொந்தக்காரன் ஒருவன் ஏற்கெனவே இருக்கிறான். கூத்தில் கட்டியக்காரன். ஆடியிலும் பங்குனியிலும் அம்மன் கோயில் தெருவில் சாமியானா போட்டு, இரண்டு டியூப்லைட்டோ ஒரு ஹாலஜனோ கட்டி, பெஞ்சில் ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் தாளமும் உட்கார்ந்ததும் முதலில் வருவது அவன்தான். முகத்தில் வெள்ளைப் புள்ளி, தலையில் கூம்புக் குல்லா, கையில் ஒரு கோல். திரையை இரண்டு பேர் பிடித்திருக்க, உள்ளேயிருந்து துரியோதனன் தன் பெருமையை விருத்தமாகப் பாடும்போது வெளியே நின்று, அட, யார் நீ, உன் பேர் என்ன, ஊர் என்ன என்று விசாரிக்கிற துணிச்சல் அவனுக்கு மட்டும். ராஜாவின் பாட்டு பாட்டன் காலத்துப் பாட்டு. ஓர் எழுத்து பிசகினால் பின்பாட்டுக்காரரே முறைப்பார். கட்டியக்காரன் பேச்சு அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் கிடைத்தது. இந்த இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. கிட்டே உட்கார்ந்தால் பார்க்கக் கிடைக்கிற காட்சி ஒன்று: நடுச்சாமத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார். ஆட்டம் நிற்கிறது. கட்டியக்காரன் தாளை விளக்குக்கு நேரே உயர்த்திப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறான். கொடுத்தவர் பேர், அவர் அப்பன் பேர், தெருப் பேர், செய்த நல்ல காரியங்கள் எல்லாவற்றையும் மைக்கில் முழங்குகிறான். முழங்கிக்கொண்டே வரும்போது குரல் மெல்ல ஏறி, போன வருஷம் அவர் கொடுத்தது எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான். தெரு அதிர்கிறது. பெரியவரும் சிரிக்கிறார், துண்டால் வாயை மூடிக்கொண்டு. டம்பத்தை டம்பம் பண்ணுகிறவனின் கையாலேயே காசு வாங்கிக்கொண்டு, அவன் முகத்துக்கு நேரே, அவன் மனம் முறியாமல் கேலி செய்கிற இந்தக் கலை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. விலாசக்காரர்கள் இதே கட்டியக்காரனைக் கூத்திலிருந்து கொட்டகைக்குக் கூட்டிப்போனவர்கள். அச்சடித்தபோது அவன் பேச்சில் அன்றைய இரவுக்கு மட்டும் சொந்தமானதைப் புத்தகத்துக்குள் கொண்டுவர முடியவில்லை.

எழுதப்படாதது என்பதில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. 1876-இல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த நாடகச் சட்டம் ஒரு பிரகசனத்தைக் கண்டு பயந்து பிறந்தது: வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டுக்குள் அழைத்து உபசரித்த கல்கத்தா வக்கீல் ஒருவரை வங்காளி நாடகக்காரர்கள் கேலி செய்ததுதான் குற்றம். எழுத்துப் பிரதியைக் காட்டு என்பது அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த பழக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை மாகாணம் 1954-இல் நடிகர் எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகச் சூட்டில் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியது. 1876-ஆம் ஆண்டுச் சட்டமும் பிறகு மத்திய அரசால் நீக்கப்பட்டது. சட்டம் போனாலும் பழக்கம் போய்விடுவதில்லை. பெரிய மண்டபம் என்றால் விண்ணப்பம், வாடகை, முன்பணம், அழைப்பிதழில் பெயர் வரிசை என்று ஒவ்வொரு படியிலும் கேலியின் முனை கொஞ்சம் மழுங்குகிறது. யாரும் கத்தரிக்க வேண்டாம். முன்வரிசையில் யார் உட்காரப்போகிறார்கள் என்பது தெரிந்ததுமே நடிகன் தானே அடக்கிக்கொள்வான். 1728-இல் வால்போலே சபையில் உட்கார்ந்திருந்தபோது பாடிக்காட்டினார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டம்பாச்சாரியின் உண்மையான மறுபதிப்பு ஏற்கெனவே ஒருமுறை நடந்தும்விட்டது என்று சொல்ல இடமுண்டு. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ரத்தக்கண்ணீர். பணக்கார மோகனசுந்தரம், தாசி காந்தா, கைவிடப்பட்ட மனைவி, சொத்தழிவு: எலும்புக்கூடு அப்படியே முதலியாருடையது, உடம்பு வேறு. 1954-இல் படமாக வந்த பிறகும் ராதா அதை மேடையில் விடவில்லை. படத்தில் உறைந்துபோன வசனத்தை மேடையில் அன்றைய செய்தித்தாளோடு சேர்த்து உருக்கிக்கொண்டே இருந்தார். எதிர்ப்பவர்களை வாசலிலேயே வேண்டாம் என்று அனுப்பவும், உள்ளே வந்தவர்களை நேராகப் பேர் சொல்லித் திட்டவும் அவருக்கு இருந்த தெம்பு கட்டியக்காரனின் தெம்பு. அந்தப் பழைய டம்பாச்சாரியிலும் சாமண்ணா ஒரே ஆளாகப் பல வேஷம் போட்டு வந்தபோது, பாத்திரங்களுக்கு இடையே உடை மாற்றிக்கொண்டு ஓடிய அந்த ஓட்டமே சபைக்குப் பாதிச் சிரிப்பாக இருந்திருக்கும். அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. ஓட்டத்தை எந்தச் சுருளும் முழுதாக வைத்திருக்காது. ரத்தக்கண்ணீரிலும் காந்தாவின் மேல் விழுந்த பழி இறங்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராதாவின் நாக்கு மதத்தையும் சாதியையும் அடித்த அளவுக்கு அந்த வீட்டுப் படியை நின்று பார்க்கவில்லை.

ஆகவே இந்த நாடகத்தைக் கையில் எடுப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது பிரதியைப் பிரிப்பது. பாட்டுக்களில் ராகமும் தாளமும் தெரிந்தவற்றை, பதம் ஜாவளி பாடம் உள்ள குடும்பங்களின் வாரிசுகளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, எந்த மெட்டு உட்காரும் என்று அவர்களையே கேட்க வேண்டும்; மேடையில் அவர்கள் பெயர் முதலில் வர வேண்டும். தாசியின் காட்சிகளில் அவள் வாயில் முதலியார் வைத்த வசனத்தை அப்படியே வைத்து, அதற்கு அவள் பதில் சொல்லும் இடத்தை மூவலூர் அம்மையாரின் பக்கத்திலிருந்து எழுத வேண்டும். டம்பாச்சாரியின் பாட்டுக்களை விலாசக் காலத்து நடையிலேயே விடலாம், அவன் எந்தக் காலத்திலும் பழைய பெருமையைத்தான் பாடுவான். தரகனுக்கும் துதிபாடிகளுக்கும் கட்டியக்காரனுக்கும் உரிய பக்கங்களைக் காலியாகவே விட வேண்டும். ஒத்திகையை மண்டபத்தில் வைக்கக் கூடாது. மாங்காட்டுப் பக்கம் ஒரு தெருவில், பாதி வீடுகள் ஓடும் பாதி வீடுகள் அடுக்குமாடியுமாக இருக்கிற இடமாகப் பார்த்து, இரண்டு விளக்கு கட்டி, பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு வெறும் குரலில் ஆட வேண்டும். நிலம் விற்றவர்களும் வாங்கியவர்களும் நடுவில் நின்று கமிஷன் பார்த்தவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த வரியில் எந்த மூலை சிரிக்கிறது, எந்த வரியில் ஒருவர் எழுந்து போகிறார் என்பதைப் பின்பாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். நாலைந்து ஊரில் அப்படி ஆடி, நோட்டு நிறைந்த பிறகு சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு எடுத்துப்போகலாம்.